நெருப்பு நடுவில் இருந்த வீடு

இங்கிலாந்தில் பார்க்க வேண்டியவை என்று ஒரு லிஸ்ட் உங்கள் எல்லோருக்குமே தெரியும். பக்கிங்ஹாம் அரண்மனை, டவர் பிரிட்ஜ், தேம்ஸில் ஒரு படகுச் சவாரி, மெழுகுப் பொம்மையின் தோளில் கைபோட்டு ஒரு போட்டோ. நேரமிருந்தால் ஷேக்ஸ்பியர் பிறந்த வீடு. இந்த லிஸ்ட்டில் வராத ஒரு வீட்டைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன். அங்கே எந்த ராஜாவும் பிறக்கவில்லை. யார் தலையையும் வெட்டவில்லை. ஒரு விவசாயியின் வீடு. பெயர் பேலீஃப். வயது சுமார் அறுநூறு.

"அரண்மனையை எல்லாம் விட்டுட்டு குடியானவன் வீட்டைப் பார்க்க இவ்ளோ தூரம் டிரைவா மாமா?" என்று அலுத்துக்கொண்டேதான் கார் ஓட்டினான், லண்டனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன். மேற்கு சஸெக்ஸில், சிங்கிள்டன் என்கிற கிராமத்துப் பக்கம் இருக்கிறது அந்தத் திறந்தவெளி மியூசியம். வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் என்று பெயர். 1970ல் திறந்தார்கள். எங்கெங்கோ இடிபடக் காத்திருந்த பழைய வீடுகள், களஞ்சியங்கள், பட்டறைகள் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்களை, பிரித்து எடுத்துவந்து, மறுபடி பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். நம்ம முட்டுக்காடு தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு பார்த்திருப்பீர்களே, அதே காரியம்தான்.

பேலீஃப் முதலில் இருந்தது கென்ட் மாவட்டத்தில், சிடிங்ஸ்டோன் பக்கம். 1960களின் கடைசியில் அங்கே ஒரு பெரிய நீர்த்தேக்கம் கட்ட முடிவானது. குழாயில் தண்ணீர் வேண்டுமென்றால் யாராவது வீட்டைக் காலி செய்துதானே ஆகவேண்டும்? எல்லா நாட்டிலும் இதே கதைதான். ஆனால், இந்த வீட்டுக்கு ஓர் அதிர்ஷ்டம். புல்டோசர் வருவதற்கு முன்னால் தச்சர்கள் வந்தார்கள். ஒவ்வொரு மரமாக எண் போட்டுக் கழற்றி, 1972ல் சிங்கிள்டனில் திரும்ப நிறுத்திவிட்டார்கள்.

'அதெப்படி, அறுநூறு வருஷ வீட்டைக் கழற்றி மாட்ட முடியும்?' என்று நீங்கள் கேட்கலாம். முடியும். ஏனென்றால், முதல் தடவை கட்டியதே அப்படித்தான்.

அந்தக் காலத்தில் கிழக்கு, தென்கிழக்கு இங்கிலாந்தின் வீடுகளுக்குச் சுவர் முக்கியமில்லை. மரச்சட்டம்தான் வீடு. ஓக் மரத்தை வெட்டி, காயவைக்காமல் பச்சையாகவே இழைப்பார்கள். காய்ந்த ஓக் இரும்பு மாதிரி; உளி பாயாது. ஒரு மரத்தின் நுனியை நாக்கு மாதிரி செதுக்கி, இன்னொரு மரத்தில் துளை போட்டு, செருகி, குறுக்கே மர ஆணி அறைவார்கள். சட்டங்களைத் தச்சன் தன் களத்திலேயே தரையில் போட்டுப் பொருத்திப் பார்ப்பான். சரியாக இருந்தால் ஒவ்வொரு இணைப்பிலும் உளியால் ஓர் எண் வெட்டுவான். அப்புறம் பிரித்து, மாட்டுவண்டியிலோ குதிரை வண்டியிலோ மனைக்குக் கொண்டுபோய், எண் பார்த்து மாட்டுவான். இன்றைக்கு அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும் ரெடிமேட் அலமாரிக்குத் தாத்தா இது.

அந்த எண்கள் ரோமன் எண்கள். காரணம் படிப்பல்ல, சௌகரியம். உளியால் நேர்க்கோடு வெட்டுவது சுலபம், வளைவு கஷ்டம். நாலுக்கு ஐ.வி. போடாமல் நாலு கோடு இழுத்துவிடுவார்கள். இப்படி உத்தரத்தில் வெட்டிய கோடுகள் பழைய வீடுகளில் இன்றும் தெரிகின்றன. கையெழுத்துப் போடத் தெரியாத மனிதர்கள் விட்டுப்போன கையெழுத்து.

பச்சை மரம் சட்டத்தில் பூட்டிய பிறகுதான் காய்கிறது. காயும்போது முறுக்கும், வளையும். இங்கிலாந்து காலண்டர்களில் கோணல்மாணலாக, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கும் வீடுகளைப் பார்த்து, 'ஐயோ, விழப்போகிறது' என்று நினைத்திருப்பீர்கள். அந்தக் கோணல் பல வீடுகளில் கட்டி முடித்த கொஞ்ச வருஷங்களிலேயே வந்துவிட்டது. இத்தனை நூற்றாண்டாக விழவில்லை. கட்டைகள் சுருங்கச் சுருங்க மூட்டு இன்னும் இறுகத்தான் செய்கிறது.

சரி, சட்டத்துக்கு நடுவில் சுவர்? பிளந்த மரக் குச்சிகளைச் செங்குத்தாக நிறுத்தி, வளையும் ஹேசல் குச்சிகளைப் பாய் மாதிரிக் குறுக்கே பின்னி, அதன்மேல் களிமண், நறுக்கிய வைக்கோல், மாட்டுச்சாணி மூன்றையும் மிதித்துக் குழைத்து, இரண்டு பக்கமும் அப்புவார்கள்.

"சாணியா? வெள்ளைக்காரனா?" என்றான் அக்கா மகன். அவன் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சந்தோஷம் தெரிந்தது.

இன்னும் கேளுங்கள். கிழக்கு சஸெக்ஸில் ஆல்ஃப்ரிஸ்டன் என்ற ஊரில் இதே ஜாதி வீடு ஒன்று, கூரை வேய்ந்தது, இருக்கிறது. 1896ல் அதை நேஷனல் டிரஸ்ட் வெறும் 10 பவுண்டுக்கு வாங்கியது. அவர்கள் வாங்கிய முதல் கட்டடமே அதுதான். அந்த வீட்டுக் கூடத்துத் தரை சுண்ணாம்புக் கல்லை இடித்து, புளித்த பாலை ஊற்றி மெழுகியது. சாணி மெழுகிய தரையில் படுத்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் அன்னியமாகவே தெரியாது.

இப்போது பேலீஃபுக்கு உள்ளே போவோம். வாசலைத் தாண்டியதும் ஒரு குறுக்கு வழி. முன்வாசலுக்கு நேரே பின்வாசல். ஒரு பக்கம் இரண்டு சின்ன அறைகள். ஒன்று பேன்ட்ரி, ரொட்டி வைக்க. இன்னொன்று பட்டரி. பெயரைக் கேட்டால் வெண்ணெய் வைக்கிற இடம் போலிருக்கும். இல்லை, பீர் பீப்பாய் வைக்கிற இடம். குறுக்கு வழிக்கு மறுபக்கம் கூடம். ஆங்கிலத்தில் 'ஹால்'. நாம் ஃபிளாட் விளம்பரத்தில் 'டூ பெட்ரூம் ஹால் கிச்சன்' என்கிறோமே, அந்த ஹாலின் முப்பாட்டன்.

கூடத்துக்குள் நுழைந்ததும் நான் அண்ணாந்து பார்த்தேன். மேலே மச்சு இல்லை. தரையிலிருந்து கூரையின் உச்சி வரைக்கும் ஒரே வெட்டவெளி. இரண்டு ஓரங்களில்தான் மாடி. அந்த மாடிகள் வெளிப்பக்கம் கீழ்த்தளத்தைவிடச் சற்று முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். நடுவில் கூடம் உள்வாங்கி இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே கூரை. இந்த அமைப்புக்கு 'வீல்டன் வீடு' என்று பெயர்.

கூடத்தின் நடுவில், தரையில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.

சுவரோரம் இல்லை சார், நடுத்தரையில். புகைபோக்கி கிடையாது. புகை தன் பாட்டுக்கு மேலே எழும்பி, கூரைக்குள் சுற்றி, ஓட்டு இடுக்கிலும் கூரை முனையில் இருக்கும் சின்னத் திறப்பிலும் ஜன்னலிலும் வழி கண்டுபிடித்து வெளியேற வேண்டும். ஜன்னலில் கண்ணாடி இல்லை. செங்குத்தான மரக் கட்டைகள் மட்டும். குளிர் தாங்கவில்லையென்றால் பலகையை இழுத்து மூடலாம், மூடினால் இருட்டு. கண்ணாடி அப்போது அவ்வளவு விலை. பிற்பாடு வசதியான விவசாயிகள் கண்ணாடி போட்டபோதுகூட, அதை வீட்டோடு சேர்ந்த பொருளாக நினைக்கவில்லை. கட்டில், அண்டா மாதிரி உயிலில் தனியாக எழுதிவைத்தார்கள்.

'விண்டோ' என்கிற ஆங்கில வார்த்தையே பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அர்த்தம், காற்றின் கண். நம் பழந்தமிழில் ஜன்னலுக்குக் 'காலதர்' என்று ஒரு சொல் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இரண்டு ஊர்க்காரனும் ஜன்னலைப் பார்த்து முதலில் நினைத்தது வெளிச்சத்தை அல்ல, காற்றை.

நெருப்புக்குப் பக்கத்தில், பழைய காலத்து உடுப்பில் ஒரு வயதான அம்மாள் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். மியூசியத்துத் தொண்டர். "பகலில் யாரும் இந்த நெருப்பை அணையவிட மாட்டார்கள். ராத்திரி மட்டும் சாம்பலால் மூடி, மேலே மண் மூடி ஒன்றைக் கவிழ்த்துவிட்டுப் படுப்பார்கள்" என்றார்.

அந்த வேலைக்குப் பிரெஞ்சில் 'குவ்ரஃபூ' - நெருப்பை மூடு. அதுதான் ஆங்கிலத்தில் 'கர்ஃப்யூ' ஆனது. 2020ல் நாம் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோமே, அந்த ஊரடங்குக்கு மூலம் இந்த அடுப்பங்கரைதான்.

அம்மாள் கூடத்தின் மறுகோடியைக் காட்டினார். சுவரோடு ஒரு பெஞ்சு, முன்னால் நீள மேஜை. "அது எஜமான் உட்காரும் இடம். வாசல் குளிர்காற்று அங்கே வராது. வேலைக்காரர்கள் இந்தப் பக்கம். ஆனால், எல்லோரும் ஒரே கூடத்தில், ஒரே நெருப்பில்."

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அன்றைய ஆங்கிலப் பண்ணையில் வேலை செய்த கல்யாணமாகாத பையன்களும் பெண்களும் வருஷக் கூலிக்குப் பேசி, எஜமானின் வீட்டிலேயே தங்கினார்கள். சமத்துவம் என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். உட்காரும் இடத்தில் ஏற்றத்தாழ்வு இருந்தது. மேல்மாடி தனியறை எஜமானுக்குத்தான். ஆனால், புகை எல்லோர் கண்ணையும் ஒரே மாதிரி கரித்தது.

பிறகு, புகைபோக்கி வந்தது.

16ஆம் நூற்றாண்டில் செங்கல் கொஞ்சம் கொஞ்சமாக விவசாயிக்கு எட்டும் விலைக்கு வந்தது. நெருப்பைக் கூடத்தின் நடுவிலிருந்து தூக்கி, செங்கல் புகைபோக்கிக்குள் அடைத்தார்கள். புகை போய்விட்டதா? அப்படியானால் அந்த வெட்டவெளி எதற்கு? குறுக்கே உத்தரம் போட்டு, பலகை அடித்து, மேலே இன்னொரு மாடி. கூடம் இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. எசெக்ஸில் இருந்த வில்லியம் ஹாரிசன் என்கிற பாதிரியார், 1577ல் வெளிவந்த தன் நூலில், தம் ஊர்க் கிழவர்கள் தங்கள் வாழ்நாளில் பார்த்த பெரிய மாறுதல்களாக மூன்றைச் சொன்னதாக எழுதுகிறார். அதில் முதலாவது, ஊரெல்லாம் முளைத்த புகைபோக்கிகள். மற்ற இரண்டு, மெத்தை தலையணையும், மரத்தட்டு போய் வந்த உலோகத் தட்டும். 1570லிருந்து 1640 வரை இங்கிலாந்துக் கிராமங்கள் தங்கள் வீடுகளை இப்படித் திருத்திக் கட்டியதை, டபிள்யூ.ஜி. ஹாஸ்கின்ஸ் என்ற சரித்திர ஆசிரியர் 1953ல் ஒரு கட்டுரையாக எழுதினார். 'மாபெரும் மறுகட்டுமானம்' என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது.

சர்க்கார் சும்மா இருக்குமா? 1662ல் அடுப்பு வரி போட்டது. கணப்பு ஒன்றுக்கு வருஷம் 2 ஷில்லிங். எண்ணிப் பார்க்க ஆபீசர்கள் வீட்டுக்குள்ளேயே நுழைந்தார்கள். ஜனங்களின் எரிச்சல் தாங்காமல் 1689ல் அதை எடுத்தார்கள். எடுத்த கையோடு 1696ல் ஜன்னல் வரி போட்டார்கள். அது 1851 வரை ஓடியது.

சாதாரண ஜனங்களுக்குப் புகைபோக்கி பற்றி வேறொரு பயமும் இருந்தது. கதவைப் பூட்டலாம், ஜன்னலைச் சாத்தலாம். வானத்தைப் பார்த்து எப்போதும் திறந்திருக்கும் இந்த ஓட்டை வழியாக ஏதாவது இறங்கி வந்தால்? அதனால், கணப்பு உத்தரத்தில் காம்பஸ் வைத்து ஆறு இதழ்ப் பூக்களைக் கீறினார்கள். பழைய செருப்பைப் புகைபோக்கிக்குள் ஒளித்துவைத்தார்கள். அப்படிக் கிடைத்த செருப்புகளுக்கு நார்த்தாம்டன் மியூசியத்தில் ஒரு பதிவேடே இருக்கிறது. அந்த ஆறிதழ்ப் பூவைப் பார்த்தால், மார்கழிக் காலையில் மயிலாப்பூர் வாசலில் போட்டது மாதிரியே இருக்கும்.

இன்றைக்கும் பழைய இங்கிலீஷ் பண்ணை வீடு ஒன்றை வாங்குகிறவர்கள் பரண்மேல் டார்ச்சோடு ஏறிப் பார்ப்பதுண்டு. உத்தரங்கள் தார் பூசியது மாதிரி கறுத்திருந்தால் ஒரு விஷயம் நிச்சயம். அந்த வீட்டின் நடுவில் ஒரு காலத்தில் நெருப்பு எரிந்தது. கீழே கார்ப்பெட், டி.வி., சென்ட்ரல் ஹீட்டிங் எல்லாம் இருக்கும். மேலே ஐந்நூறு வருஷத்துக் கரி அப்படியே, விரல் வைத்தால் ஒட்டும்.

இங்கே நான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 'ஆஹா, அந்தக் காலம்' என்று பெருமூச்சு விடுவது சுலபம். என்னால் முடியாது. என் அம்மா நாற்பது வருஷம் விறகடுப்பில் ஊதாங்குழல் ஊதியவள். எங்கள் சமையலறை ஓடும் கறுப்பாகத்தான் இருந்தது. கடைசிப் பத்து வருஷம் இருமலோடு இன்ஹேலரும் கையுமாக இருந்தாள். ஒரு டாக்டர், "வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா?" என்று கேட்டபோது, "அடுப்பு பிடிச்சுது டாக்டர்" என்றாள். புகைபோக்கி வந்த அன்று இங்கிலாந்துப் பெண்கள் எவ்வளவு மூச்சை இழுத்து விட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கால ஆண்களில் சிலர் 'புகை உடம்புக்கு நல்லது, மரத்துக்கும் நல்லது' என்று சொல்லித் திரிந்ததாக அதே ஹாரிசன் எழுதுகிறார். ஊதாங்குழல் பிடிக்காதவர்களாக இருந்திருக்கும்.

ஆக, புகை போனது நல்லதுதான். ஆனால், புகையோடு இன்னொன்றும் போனது.

அறைகள் பெருகப் பெருக, எஜமான் குடும்பம் பார்லர் என்கிற தனியறைக்கு நகர்ந்தது. வேலைக்காரர்கள் சமையலறைக்கு நகர்ந்தார்கள். பிறகு தானிய விலை ஏறியது. தங்கவைத்துச் சோறு போடுவதைவிடக் கூலியைக் கையில் கொடுத்து அனுப்புவது லாபம் என்று பண்ணையார்கள் கணக்குப் போட்டார்கள். வேலைக்காரர்கள் வீட்டைவிட்டே வெளியேறினார்கள்.

1825 அக்டோபரில் பத்திரிகையாளர் வில்லியம் காபெட், ரைகேட் அருகே ஒரு பண்ணை வீட்டு ஏலத்துக்குப் போனார். ஒரு காலத்தில் எஜமானும் ஆட்களும் உட்கார்ந்து சாப்பிட்ட நீண்ட ஓக் மேஜை அங்கே விலைக்கு நின்றது. அதே வீட்டில் புதிதாக ஒரு பார்லர், அதில் கார்ப்பெட், வேலைக்காரியைக் கூப்பிட மணிக்கயிறு. காபெட்டுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இந்த மேஜை யாரோ ஒரு பணக்காரனின் தோட்டத்தில் பொம்மைப் பாலத்துக்குப் பலகையாகிவிடுமே என்று பதறி, தனக்காக அதை வாங்கச் சொல்லி ஒரு நண்பரிடம் கேட்டுக்கொண்டார். இத்தனை வருஷம் அது உலகத்துக்குச் செய்த நன்மைக்காக அதைப் பத்திரமாக வைத்திருக்க ஆசைப்பட்டார். ஒரு மேஜைக்கு இப்படி மரியாதை செய்ய நினைத்த இன்னொருவரை நான் படித்ததில்லை.

ஐந்தே வருஷம். 1830ல் கென்ட்டில் தொடங்கி தெற்கு இங்கிலாந்து முழுக்க விவசாயக் கூலிகள் எழுந்தார்கள். கதிரடிக்கும் மெஷின்களை உடைத்தார்கள், வைக்கோல் போர்களைக் கொளுத்தினார்கள். பசி, குறைந்த கூலி, வேலையைப் பறித்த மெஷின் என்று காரணங்கள் பல. அவர்களுக்கும் பண்ணையாருக்கும் நடுவில் ஒரே மேஜை இல்லாமல் போனதும் அதில் ஒன்று என்று சரித்திரக்காரர்கள் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒரே கூடத்தில் தினமும் முகம் பார்த்துச் சாப்பிட்டவன் கூலி கேட்பதற்கும், எங்கேயோ இருப்பவன் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதா, இல்லையா?

சுவர்கள் வெறும் சுவர்கள் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் யார் யாரோடு சாப்பிட வேண்டும், யார் குரல் யார் காதில் விழ வேண்டும், யார் இருமல் யாருக்குத் தெரிய வேண்டும் என்பதைத் தச்சனும் கொத்தனும்தான் தீர்மானிக்கிறார்கள். நாம் பிளான் அப்ரூவல் வாங்கும்போது இதையெல்லாம் யோசிப்பதில்லை. 'அட்டாச்டு பாத்ரூம் இருக்கா?' என்று மட்டும் கேட்கிறோம்.

பேலீஃபை விட்டு வெளியே வந்தபோது, அக்கா மகன் தன் கோட்டை முகர்ந்து பார்த்தான். "புகை நாத்தம் மாமா, டிரை கிளீனிங்தான்" என்றான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவனே, "எங்க வீட்ல நாலு பேரும் நாலு ரூம்ல சாப்பிடறோம். யார் எப்போ சாப்பிட்டான்னு சிங்க்ல தட்டைப் பார்த்தாத்தான் தெரியும்" என்றான். நான் பதில் சொல்லவில்லை. அவன் பதிலுக்காகச் சொல்லவுமில்லை.

உங்கள் ஊரில் தாத்தா காலத்து வீடு இன்னும் நிற்கிறதா? விற்பதற்கு முன்னால், இடிப்பதற்கு முன்னால், ஒரு காரியம் செய்யுங்கள். டார்ச் எடுத்துக்கொண்டு பரணில் ஏறிப் பாருங்கள். எந்த உத்தரம் கறுத்திருக்கிறது, அதற்குக் கீழே யார் உட்கார்ந்து ஊதினார்கள், யார் எந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், யாரைத் திண்ணையோடு நிறுத்தினார்கள் என்று வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் கேட்டு வையுங்கள். எல்லா வீட்டையும் எண் போட்டுக் கழற்றி மியூசியத்தில் மாட்ட முடியாது. கேட்டு வைத்துக்கொள்ள முடியும்.